கெட்டி ஆயில்

ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்பிய கையோடு, அதன் பின்னாலேயே ஒரு சின்ன லாரி காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. வீட்டு வாசலில் கூடியிருந்தவர்களுக்கு எதை முதலில் பார்ப்பதென்று தெரியவில்லை. சிலர் ஆம்புலன்ஸை நோக்கி வந்தார்கள். சிலர் காருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

மருமகள் ஆம்புலன்ஸுக்குள் மாமியாரின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். வளைவுகளில் உடம்பு ஆடிவிடக் கூடாதென்று இரண்டு பாதங்களையும் போர்வையோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். வழி நெடுகப் பின்கண்ணாடியில், லாரிக்கு அப்பால், அவளுக்குத் தெரிந்தது அந்தக் கார்தான். உள்ளே அவள் கணவன். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்வதைத் தவிர அவனுக்கு வேலை இல்லை. கயிறு இறுகினால் முன்னால் வந்தான், தளர்ந்தால் பின்தங்கினான். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத கார். பெற்றவளுக்குப் பின்னால் இப்படி இழுபட்டுக்கொண்டு வர வேண்டும் என்று இருந்திருக்கிறது.

முன் இருக்கையிலிருந்து முதலில் இறங்கியவர் மாமனார். இறங்கியதும் கதவுப் பக்கம் வரவில்லை. நடுத்தெருவில் நின்று கையைத் தூக்கினார்.

"லெஃப்ட்ல ஒடி. இன்னும் ஒடி. கயித்தை மிதிச்சிடாதே. போதும், நேரா விடு."

ஆயுசில் பாதிக்கு மேல் லாரி ஓட்டிய மனிதர். தொண்டைச் சத்தத்தைக் கேட்டுத்தான் கூட ஓட்டியவர்கள் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சுவரோரமாகக் கார் நின்றது. தூக்கிய கை அப்படியே இருக்க, எதற்காக இங்கே வந்து நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது போலிருந்தது. கையை இறக்கிக்கொண்டு ஆம்புலன்ஸுக்குத் திரும்பினார்.

"மெதுவா," என்றார் தூக்க வந்தவர்களிடம். "தலைப்பக்கம் மெதுவா. அவளுக்கு ஆட்டம் ஒத்துக்காது."

கூடத்தில் மேஜை நாற்காலிகளையெல்லாம் சுவரோரம் தள்ளி இடம் செய்திருந்தார்கள். மாமியாரைக் கிடத்தி, வெள்ளைத் துணியை மார்புவரை இழுத்துவிட்டார்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் எடுத்துவிடலாம் என்று பேச்சு. அதற்குள் வர வேண்டியவர்கள் வந்துவிடுவார்கள்.

நாத்தனார் ஆஸ்பத்திரியிலேயே வந்து சேர்ந்துகொண்டிருந்தாள். அழுது அழுது அவள் கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் தம்பி உள்ளே வந்ததும் அழுகை நின்றுவிட்டது.

"வண்டி ஏன் நின்னுச்சு?"

ஆஸ்பத்திரியில் கேட்ட அதே கேள்வி. ஆம்புலன்ஸ் கிளம்பும்போதும் கேட்டாள். அவன் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஊதுபத்திச் சாம்பலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்னைத்தான்டா கேக்கறேன். புது வண்டிதானே. மேடு ஏறறப்போ ஏன் நின்னுச்சு?"

"தெரியலைக்கா."

"சர்வீஸுக்கு விட்டியா?"

"இந்த மாசம் விடணும்னு இருந்தேன்."

"இருந்தியா?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று மருமகளுக்குத் தோன்றியது. 'கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா' என்று டாக்டர் ஆரம்பித்து, சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்து முடிக்காமல் விட்ட வாக்கியம், இந்த வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டுவிட்டது. இனி அது லேசில் எழுந்து போகாது.

வண்டி ஏன் நின்றது என்பது மருமகளுக்குத் தெரியும். தெரியும் என்பது உறுதியாக அல்ல; ஆனால் விடியற்காலையில் அந்த மேட்டில், ரோட்டோரமாக நின்றபடி, மூச்சுக்குத் தவிக்கும் மாமியாரைத் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தபோதே அந்த நினைப்பு வந்துவிட்டது. வந்ததை விரட்டப் பார்த்தாள். போகவில்லை.

கார் வந்த புதிதில் வீட்டில் ஒரு சண்டை நடந்தது. சண்டை என்றால் சிரித்துக்கொண்டே போடுகிற சண்டை. கார் கம்பெனிக்காரன் சொன்ன ஆயிலை ஒரு டின் வாங்கி வந்து வைத்திருந்தான் மகன். மாமனார் அதைத் திறந்து ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். சளசளவென்று விழுந்தது.

"இது ஆயிலா, இருமல் மருந்தா?"

"அப்பா, இது உங்க லாரி இல்லை. உள்ளே ஆயில் போற வழியெல்லாம் பொடிப்பொடியா இருக்கும். கெட்டியா ஊத்தினா ஏறாது."

"நான் ஓட்டின வண்டியில எல்லாம் வழி இல்லாமத்தான் ஓடுச்சாக்கும். ஆயில்னா விழறப்போ நூல் மாதிரி இறங்கணும்டா. இது ரெண்டு மேடு ஏறினா ஆவியாப் போயிடும். அப்புறம் இரும்பும் இரும்பும் உரசிக்கிட்டுக் கிடக்கும்."

"காலம் மாறிடுச்சுப்பா."

"காலம் மாறலாம். இரும்பு மாறிடுச்சா?"

மாமியார் கட்டிலில் படுத்தபடி தீர்ப்புச் சொன்னாள். "ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு டம்ளர் குடிங்க. யார் எழுந்து நடக்கறீங்களோ அவங்க சொல்றது சரி."

அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் மாமியாருக்கு இதயம் பலவீனமாகி, வாராவாரம் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. மகன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த ஒரு நாள், மருமகள் துணி காயப்போடப் பின்பக்கம் வந்தபோது, மாமனார் காருக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பக்கத்தில் நாற்காலி போட்டு, வெயிலில் கால் நீட்டி மாமியார். காருக்கு அடியில் வைத்திருந்த தட்டில் பழைய ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. லாரி ஷெட் காலத்திலிருந்து அவர் நம்பும் கெட்டி ஆயில், பெரிய டின்னில், திறந்து தயாராக இருந்தது.

"டிரைவரே," என்றாள் மாமியார். புருஷனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "அவன் வந்து கேட்டா என்ன சொல்வீங்க?"

"ஏன் கேக்கப்போறான்? சத்தம் குறைஞ்சிருக்கும், சந்தோஷப்படுவான்." காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "உன்னை வெச்சுக்கிட்டு அந்தத் தண்ணியை நம்பி மேடு ஏறச் சொல்றியா என்னை?"

மாமியார் மருமகளைப் பார்த்தாள். "நீ எதையும் பார்க்கலை."

"நான் துணி காயப்போட வந்தேன் அத்தை."

"கெட்டிக்காரி," என்றாள். அவர்கள் மூன்று பேரும் அன்றைக்குச் சிரித்தார்கள். சாயங்காலம் அவர் கையை நெடுநேரம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவதை அவள் பார்த்தாள். பிள்ளைக்குத் தெரியாமல் பிள்ளைக்கு நல்லது செய்துவிட்ட திருப்தி முகத்தில் இருந்தது.

அவர் சொன்னது போலவே சத்தம் குறைந்துதான் இருந்தது. வெயில் காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. பிறகு குளிர் இறங்கியது. காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி எழுந்திருக்க மனமில்லாதவனைப் போல முனக ஆரம்பித்தது. இன்று விடியும் முன்பே மாமியார் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "மூச்சு வாங்கறாப்பல இருக்கு" என்றாள். வண்டி வாசலிலேயே ராத்திரி முழுக்கக் குளிரில் ஊறிக் கிடந்தது. முக்கி முக்கித்தான் கிளம்பியது. மேடு தொடங்கிய இடத்தில் முன்பலகையில் மஞ்சளாக ஒரு விளக்கு. அழுத்த அழுத்த வேகம் கூடவில்லை. கடைசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் சிவப்பாக இன்னொரு விளக்கு. அப்புறம் ஒரு சத்தம், தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி. அப்புறம் சத்தமே இல்லை.

காய்கறி ஏற்றிவந்த ஒரு வேன் கிடைத்து, மூட்டைகளை இறக்கி, மாமியாரை ஏற்றியபோது விடிந்துவிட்டது. வேனுக்குள் அவள் ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து புருஷனைப் பார்த்தாள். "குளிருது டிரைவரே" என்றாள். அவர் சட்டையைக் கழற்றி அவள் மேல் போட்டார்.

அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்த மருமகளின் பின்னால் வந்து நின்றார் மாமனார். அதே சட்டைதான் மீண்டும் மாட்டியிருந்தார். பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"ஒரு வாய் குடிங்க மாமா."

"இருக்கட்டும்மா." குரலைத் தாழ்த்திப் பேச முயன்றார். அது அவருக்கு வராத வித்தை. "பெரியவ அவனைப் போட்டு வதைக்கறா, பார்த்தியா?"

"அண்ணி துக்கத்துல பேசறாங்க."

"துக்கம் அவனுக்கும்தான். தலையைத் தூக்க மாட்டேங்கறான். தப்பு இவன்மேல இல்லைன்னு எனக்குத் தெரியும். புது வண்டியில கம்பெனிக்காரன் ஏதோ கோட்டை விட்டிருக்கான்." அடுப்படி வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "இன்னொண்ணு சொல்றேன், உன்னோட வெச்சுக்கோ. அன்னைக்கு நான் ஆயில் மாத்தினேன் பாரு. அது மட்டும் இல்லைன்னா பாதி மேடுகூட ஏறியிருக்காது. அந்த வளைவுக்குப் போச்சுன்னா அதுனாலதான்."

மருமகளின் கையில் கரண்டி நின்றது. டம்ளரில் காபி சுழன்று அடங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பிட்டேன்," என்றார். "வந்து பிரிச்சுப் பார்க்கட்டும். அவ அம்மாவை எடுக்கறதுக்கு முன்னாடி, எல்லார் முன்னாடியும் அவன் வாயால வரணும், தம்பி மேல தப்பில்லைன்னு. அப்புறம்தான் எடுக்கணும்."

"இன்னைக்கேவா மாமா? காரியமெல்லாம் முடியட்டுமே."

"கொள்ளி தூக்கறப்போ என் பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் தூக்கக் கூடாதும்மா."

அவர் போய்விட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்தபிறகுதான் அவள் அடுப்பை அணைத்தாள்.

கணவன் படுக்கையறையில் இருந்தான். பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் நின்றான். மருமகள் கதவைச் சாத்தினாள்.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நீங்க வெளியூர் போயிருந்தப்போ மாமா..." அவளால் முடிக்க முடியவில்லை. "அந்த வண்டிக்கு..."

"ஆயில் மாத்தினார்," என்றான் அவன்.

அவள் அவனையே பார்த்தாள். அவன் அடுக்கில் இருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.

"போன வாரம் ஆயில் பார்க்கற கம்பியை உருவிப் பார்த்தேன். காலையில ஸ்டார்ட் ஆகக் கஷ்டப்படுதேன்னுதான் பார்த்தேன். பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. அப்பா வாசல்ல உட்கார்ந்திருந்தார். வண்டி எப்படிடா ஓடுதுன்னார். என்ன சொல்றது? அருமையா ஓடுதுப்பா, சத்தமே இல்லைன்னேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்கணும்."

"அப்பவே மாத்தியிருக்கலாமே."

"மாத்தலாம்னுதான் இருந்தேன். அவர் எங்கேயாவது வெளியே போற நாள் பார்த்து, கமுக்கமா மாத்திட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துக்கலாம்னு. அவர் போகவே இல்லை. அம்மாவை விட்டுட்டு எங்கே போவார்?" பீரோக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டான். "அவர் ஊத்தினார். நான் தெரிஞ்சும் ஓட்டினேன். யார் தப்பு பெரிசுன்னு நீயே சொல்லு."

அவள் அவன் முதுகில் கையை வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அறிந்த முதுகு. இப்படி நடுங்கி அவள் பார்த்ததில்லை.

"மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கார்," என்றாள். "எல்லார் முன்னாடியும் சொல்லணுமாம்."

அவன் சட்டென்று திரும்பினான். "அவர் காதுல அது விழக் கூடாது."

"அப்போ அண்ணி?"

"அக்கா என்கூடப் பேசாம இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும். நான் சமாளிச்சுப்பேன். அவரால இதைச் சுமக்க முடியாது. ஒரு ராத்திரிகூட முடியாது."

வாசலில் மாமனாரின் பழைய சிநேகிதர் 'சோடா' உட்கார்ந்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். சோடா பாட்டில் அடி மாதிரி கண்ணாடி போட்டிருப்பதால் வந்த பெயர். இருவரும் ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள்.

"ஊரையே அலற அடிப்பான். இந்தம்மா ஒரு பார்வை பார்த்தா போதும், ஹாரன் ஒயரைப் புடுங்கினாப்பல ஆயிடுவான்," என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சோடாவும் சிரித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். "இனிமே அவனை யார் பார்ப்பா?"

மருமகள் ஒரு டம்ளர் காபியோடு அவரைத் தாண்டிப் போனாள். மெக்கானிக் காருக்குப் பக்கத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தான். நடுவயசு, அழுக்குச் சட்டைக்கு மேல் துவைத்த சட்டை ஒன்றை மாட்டியிருந்தான், துக்க வீட்டுக்கென்று.

"முதல்ல அம்மாவைப் பார்த்துட்டு வந்துடறேன்மா."

"அப்புறம் பார்க்கலாம்ணே. முதல்ல இதைப் பாருங்க."

அவள் சொன்ன விதத்தில் அவன் காபியை வாங்கிக் குடிக்காமலேயே சுவர்மேல் வைத்தான். பானெட்டைத் தூக்கினான். உள்ளே குனிந்து, மெல்லிய கம்பி ஒன்றை உருவி, வெளிச்சத்தில் பிடித்தான். கம்பியின் நுனியில் ஆயில் திரண்டு தொங்கியது. விழாமல் அப்படியே நின்றது. அவன் முகம் மாறுவதற்காக அவள் காத்திருந்தாள். மாறியது.

"இதை எவன் ஊத்தினான்? இந்தக் குளிர்ல மேல எப்படி ஏறும் இது? அப்படியே காஞ்சுபோய் ஓடியிருக்கு..." நிறுத்தினான். அவளைப் பார்த்தான். பிறகு வீட்டு வாசலைப் பார்த்தான். "ஹாரன் அண்ணனா?"

அவள் தலையசைத்தாள்.

"கடவுளே," என்றான் மெதுவாக. கம்பியைத் துடைத்து, இருந்த இடத்தில் சொருகினான்.

"அண்ணே, வேற ஏதாவது சொல்லணும். எதையாவது."

"இன்ஜின் விஷயத்துல அந்த மனுஷன்கிட்டப் பொய் சொல்றதா? லாரியா இருந்தா சத்தத்தைக் கேட்டே சொல்லிடுவார். அவர்கிட்ட ஏமாத்திப் பிழைச்ச மெக்கானிக் இந்தப் பக்கத்துல கிடையாதும்மா."

"இது லாரி இல்லையே. இந்த வண்டி அவருக்குத் தெரியாதுதானே?"

அவன் யோசித்தான். வாசலில் மாமனாரின் செருப்புச் சத்தம் கேட்டது. "பெட்ரோல் பம்பு," என்றான் உதடு அசையாமல். "அதைப் பத்தி மட்டும்தான் அவருக்குச் சொல்ல முடியும். டேங்குக்குள்ள இருக்கு, கண்ணுக்குத் தெரியாது."

மாமனார் தனியாக வரவில்லை. மகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே மகன், சோடா, அக்கம்பக்கத்தார் இரண்டு மூன்று பேர். காரைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம் கூடிவிட்டது.

"சொல்லுப்பா. சத்தமாச் சொல்லு."

மெக்கானிக் தொண்டையைச் செருமினான். "பெட்ரோல் பம்பு போயிருக்குண்ணே. திடீர்னு போயிடும். முன்கூட்டித் தெரியாது. கம்பெனிக் கோளாறுதான்."

"தம்பி சர்வீஸ் விட்டிருந்தா?"

"விட்டிருந்தாலும் தெரிஞ்சிருக்காதுண்ணே. தம்பி மேல ஒரு தப்பும் இல்லை."

மாமனார் மகளைப் பார்த்தார். "கேட்டியா?"

நாத்தனார் நேராகத் தம்பியிடம் போய், அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் மார்பில் முகத்தைப் புதைத்தாள். அவனைப் பார்த்ததும் நின்றுபோயிருந்த அழுகை மறுபடி வந்தது. அவன் அக்காவின் தலைக்கு மேலாக மனைவியைப் பார்த்தான். கண்ணில் நிம்மதி இல்லை. இன்னும் எதற்கோ காத்திருப்பவனின் கண்ணாக இருந்தது.

"ஆயில் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் மாமனார்.

மெக்கானிக் பானெட்டை மூடப்போனவன் நின்றான். "நல்லா இருக்குண்ணே."

"நான்தான் மாத்தினேன்." அவர் குரலில் இந்த நாளின் முதல் வெளிச்சம் வந்தது. மகனைப் பார்த்து, "உன்கிட்டச் சொல்லலைடா. நீ கோவிச்சுப்பேன்னு உங்கம்மாதான் வேண்டாம்னா" என்றார்.

"அப்படியாப்பா?" என்றான் மகன். "எனக்குத் தெரியவே இல்லையே."

அதை அவன் சொன்ன அழகைப் பார்க்க முடியாமல் மருமகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கூட்டம் கலைய ஆரம்பித்தது. மாமனார் மகளின் தோளில் கைபோட்டு வீட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். ஆபத்து நீங்கிவிட்டது என்று மருமகள் நினைத்த அந்த நேரத்தில்தான் மெக்கானிக், வேலைக்காரனுக்கே உரிய அக்கறையோடு, பழக்கதோஷத்தில் அவள் கணவனிடம் சொன்னான்.

"தம்பி, யாரும் ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்க. சாவியைக்கூடத் திருப்ப வேண்டாம். மிச்சம் இருக்கறதும் போயிடும்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது. பெட்ரோல் பம்பு போன வண்டியை யார் எத்தனை தடவை திருப்பினால் என்ன? அது கிளம்பாது, அவ்வளவுதான். மிச்சமென்று போவதற்கு அதில் எதுவும் இல்லை. ஆயில் ஏறாமல் இரும்பும் இரும்பும் உரசித் தேய்ந்துபோன இன்ஜினுக்குத்தான் அப்படிச் சொல்வார்கள்.

மாமனாரின் நடை நிற்கவில்லை. ஒரு கணம் தயங்கியது, அவ்வளவுதான். திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் தோளிலிருந்த கையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"நீ போய் அம்மா பக்கத்துல உட்காரும்மா," என்றார். ஹாரனின் குரலே இல்லை அது. பக்கத்தில் இருந்த சோடாகூட நிமிர்ந்து பார்த்தார்.

மெக்கானிக் சுவர்மேல் ஆறிப்போயிருந்த காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். மருமகளின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய், பிணத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனான்.

அதற்குப் பிறகு மாமனார் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கூடத்தில் மனைவியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் கையைப் பிடித்தால் கொடுத்தார். "புண்ணியவதி, கஷ்டப்படாமப் போயிட்டா" என்று ஒரு பெண் சொன்னபோது அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் பேச்சை மாற்றிக்கொண்டாள். மருமகள் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவை வரும்போதும் அவர் அங்கேதான் இருக்கிறாரா என்று பார்த்தாள். இருந்தார். தெரிந்திருக்காது என்று நினைத்தாள். அலுப்பு, அசதி, தூக்கமில்லை, அதனால் சரியாகக் காதில் விழுந்திருக்காது. அப்படி நினைத்துக்கொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது.

வெயில் தாழ்ந்தது. கூடத்துச் சுவரில் விழுந்திருந்த ஜன்னல் வெளிச்சம் நீண்டு, மாமியாரின் முகத்தைத் தொட்டு, நகர்ந்து போனது. தெருவில் அமரர் ஊர்தி வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் எல்லோரும் எழுந்தார்கள். தூக்குவதற்கு ஆள் சேர்ந்தார்கள். நாத்தனாரை இருவர் பிடித்துக்கொண்டார்கள். கணவன் தலைப்பக்கம் குனிந்தான். அந்தக் களேபரத்தில் மருமகள் திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

"மாமா எங்கே?"

"இப்போ இங்கேதான் இருந்தான்," என்றார் சோடா.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சுவரோரம் காரின் பானெட் திறந்திருந்தது. அதன் பின்னால் ஆள் நிற்பது கால்களை வைத்துத்தான் தெரிந்தது. அவள் அங்கேயே நின்றுவிட்டாள். போய்க் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. ஊர்தியின் டிரைவர் இன்ஜினை அணைக்காமல் வைத்திருந்தான். தெரு முழுக்க அதன் இரைச்சல். பானெட் மெதுவாக இறங்கியது. தூங்கும் குழந்தையின் அறைக் கதவைச் சாத்துகிற மாதிரி, சத்தம் வராமல் அழுத்தி மூடினார். பிறகு வந்தார்.

அவளைத் தாண்டிப் போகும்போது நின்றார். அவர் முகத்தில் அவள் பயந்தது எதுவும் இல்லை. வேறு எதுவும்கூட இல்லை.

"அவனுக்கும் தெரியுமா?" என்று கேட்டார்.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"நல்ல பையன்," என்றார். "அவனைப் பார்த்துக்கோ."

மாமியாரை ஏற்றிவிட்டார்கள். டிரைவர் முன்கதவைத் திறந்து, "பெரியவர் முன்னாடி உட்காருங்க" என்றான். அவர் கேட்காதவர் போலப் பின்பக்கமாக ஏறினார். மகனும் நாத்தனாரும் ஏறினார்கள். மருமகள் ஓடிப்போய் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துவந்து, ஏறுபடியில் நின்று நீட்டினாள்.

"மாமா, கை."

அவர் கையைப் பார்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுப்பாக, பளபளவென்று இருந்தன.

"இருக்கட்டும்மா," என்றார்.

வண்டி கிளம்பியது. அவளும் ஏறி எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள், சொம்பை மடியில் வைத்துக்கொண்டு. ஒவ்வொரு குலுக்கலுக்கும் மாமியாரின் மேலிருந்த வெள்ளைத் துணி கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. மாமனார் இடதுகையால் அதை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். வலதுகையை முழங்காலின் மேல், உள்ளங்கை மேலே தெரிய, துணியில் பட்டுவிடாமல் தள்ளியே வைத்திருந்தார். தெரு முடிந்து, பெரிய சாலை வந்து, வண்டி மேடு ஏற ஆரம்பித்தபோதும் அந்தக் கை அப்படியேதான் இருந்தது.